நொடிக்கு 50 காலடி

எங்கள் அம்மப்பா அண்ணாவியார். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அங்கால உள்ள ஒரு ஊரில் காலமெல்லாம் வடமோடிக் கூத்துப் பழக்கியவர். 2009இல் காலமானார். அவர் மத்தளம் அடித்து ஆடவைத்த எத்தனையோ கூத்துகளில் ஒரே ஒரு இரவுதான் வீடியோவாக மிஞ்சியிருக்கிறது. மூன்று ஹய்8 கெசட், 8 மில்லிமீட்டர் ரேப். அந்த மூன்றையும் கொம்பியூட்டருக்குள் ஏற்றி முடிக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அதில் எங்கே பிழைத்தேன், எது சரிவந்தது என்பதை எழுதிவைக்கிறேன். கலியாண வீடு, சாமத்தியச் சடங்கு, கோயில் திருவிழா என்று ஏதாவது ஒரு பழைய கெசட் அலுமாரி லாச்சிக்குள் கிடக்காத வீடு எங்கள் பக்கம் குறைவு.

2003 வைகாசியில் சுவிஸிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். யுத்த நிறுத்தம் வந்து ஒரு வருடம் கடந்த காலம். பலரும் முதல் தடவையாகத் துணிந்து ஊருக்கு வந்தார்கள். மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தது. அதற்கு முன்னால் பாதையில் ஏறித்தான் வாவியைக் கடக்கவேண்டும். ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிப்போகும் இரும்பு மிதவையை எங்கள் ஆட்கள் பாதை என்றுதான் சொல்வார்கள். பெரியப்பா கமராவை ஒரு துவாயில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு அதில் வந்தது எனக்கு நினைவிருக்கிறது. அன்றிரவு பாரதக் கதைக் கூத்து அரங்கேற்றம். வட்டக்களரி, ஜெனரேட்டர் வெளிச்சம், சுற்றிவரப் பாய் விரித்துச் சனம். பெரியப்பா இரண்டு கெசட்டைச் சாதாரண வேகத்தில் எடுத்தார். விடிய இன்னும் நேரம் கிடக்கிறது என்று கண்டதும் மூன்றாவதை நீள்வேகத்தில் போட்டார். அப்படிப் போட்டால் 90 நிமிடக் கெசட்டில் 3 மணித்தியாலம் எடுக்கலாம். ஆகமொத்தம் 6 மணித்தியாலம்.

போகும்போது கமராவைக் கடலோரத்தில் உள்ள எங்கள் கல்லடி வீட்டில் விட்டுவிட்டுப் போனார். கெசட்டுகளை அம்மம்மா கேட்டு வாங்கி வைத்துக்கொண்டா. அடுத்த வருடம் டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது கமரா போனது, அல்பம் எல்லாம் போனது, வீட்டின் பின்சுவரும் போனது. கெசட்டுகள் படுவான்கரையில் இருந்தபடியால் தப்பின. 2007இல் படுவான்கரைச் சனம் இடம்பெயர்ந்து வாவியின் மறுகரையான எழுவான்கரைக்கு வந்தபோது அம்மம்மா ஒரு சேலையில் இரண்டே சாமான்களைக் கட்டி எடுத்து வந்தா. ஒன்று அம்மப்பாவின் கூத்து ஏட்டுக் கொப்பிகள். மற்றது இந்த மூன்று கெசட்டும். வேறு உடுப்புக்கூட இல்லை.

அதற்குப் பிறகு ஒருமுறை, முதல் கெசட்டை ஒரு கடையில் கொடுத்து டிவிடி ஆக்கினோம். பார்க்கப் பரவாயில்லைபோலத்தான் இருந்தது. ஆனால் ஆள் கொஞ்சம் வேகமாக ஆடினால் கால் இரண்டு இரண்டாகத் தெரியும், ஒன்றின் மேல் ஒன்று பேய் நிழல்போல. படத்தின் அடியை வேறு வெட்டியிருந்தார்கள். கூத்தில் அடிதான் சாமான். காலைக் காணாவிட்டால் கூத்தில் என்ன இருக்கிறது? இப்போது அந்த டிவிடியை எந்த இயந்திரமும் வாசிக்கிறதில்லை.

2022இல் நானே தொடங்கினேன். நான் பள்ளிக்கூடத்தில் ஐசிடி படிப்பிக்கிறவள், இது கைவராத வேலை இல்லை என்று நினைத்தேன். யூஎஸ்பியில் செருகுகிற சின்னக் கப்சர் கருவி ஒன்று வாங்கினேன். ஈசிகப் என்ற பெயரில் விற்பார்கள். அந்த ஒரே பெயரில், உள்ளே வேறு வேறு சிப் போட்ட பல கருவிகள் வருகின்றன. டிரைவர் பொருந்தாமல் பாதிப்பேர் அங்கேயே கைவிடுவது அதனால்தான். மஞ்சள் வயரில் படம், வெள்ளையிலும் சிவப்பிலும் சத்தம். கமரா இல்லாதபடியால் பழைய ஸ்டூடியோக்காரர் ஒருவரிடம் ஹய்8 கமரா இரவல் எடுத்தேன். நல்ல மனிதர், காசு வாங்கவில்லை. ஆனால் பல வருடம் பெட்டிக்குள் கிடந்த கமரா. உள்ளே ரப்பர் இறுகிப் போயிருந்தது. முதல் கெசட்டைப் போட்டு 20 நிமிடத்தில் ஒரு சத்தம் கேட்டது, திறந்து பார்த்தால் ரேப் வெளியே வந்து சுருண்டு கிடக்கிறது. சாதாரண வேகத்தில் ரேப் நொடிக்கு 2 சென்ரிமீட்டர்தான் ஓடும். ஒரு சாண் கசங்கியிருந்தது. ஏறக்குறைய 10 நொடி. கட்டியகாரன் வரவில் அந்த இடம் இப்போதும் கோடு கோடாகத்தான் வரும். அன்றைக்கு நான் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

ஆகவே முதல் புத்தி: முக்கியமான கெசட்டை முதலில் போடாதீர்கள். கமராவை ஒரு வேண்டாத கெசட்டில் முழுதாக ஓட்டி, திருப்பிச் சுற்றி, அது தின்னவில்லை என்று கண்ட பிறகு மற்றதைப் போடுங்கள். கெசட்டின் ஓரத்தில் சின்னத் தள்ளு கட்டை ஒன்று இருக்கும். அதைத் தள்ளிச் சிவப்புத் தெரிய விட்டால் தவறுதலாகக்கூட மேலே ஒன்றும் பதியாது. எங்கள் கெசட்டில் மூன்றிலும் அதைத் தள்ளாமலே 19 வருடம் இருந்திருக்கிறது.

அந்த மார்ச் மாதம் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலம் வேறு. வீடியோ ரேப்பை அவசரமாக ஏற்ற முடியாது. 90 நிமிடக் கெசட்டுக்கு 90 நிமிடம் வேண்டும். எத்தனையோ நாள் 70ஆவது நிமிடத்தில் கரண்ட் போயிருக்கிறது. கமராவுக்குப் பற்றரி, லப்டொப்புக்குப் பற்றரி என்று சமாளித்து ஒருவழியாக இரண்டு கெசட்டை எடுத்து முடித்தேன்.

அதை என் மருமகனுக்குக் காட்டினேன். தம்பியின் மகன், 17 வயது. ஊரில் மறுபடி கூத்துப் பழக்கத் தொடங்கியிருந்தார்கள், அவனுக்கு அருச்சுனன் வேஷம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: “மாமி, மத்தளம் ஒரு பக்கம் கேக்குது, கால் இன்னொரு பக்கம் போகுது. இத வெச்சு எப்பிடிப் பழகுற?”

உண்மைதான். கெசட்டின் தொடக்கத்தில் சத்தமும் படமும் ஒன்றாக இருந்தன. முடிவுக்கு வரும்போது அரை நொடிக்குமேல் விலகியிருந்தன. ரேப் பழுதான இடங்களில் கருவி சில படங்களை விழுத்திவிடுகிறது, சத்தத்தை மட்டும் விழுத்துவதில்லை. அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிவிடும். கலியாண வீடியோ என்றால் ஆரும் கவனிக்கமாட்டார்கள். கூத்தில் அரை நொடி என்றால் அது வேறு தாளம்.

அப்புறம்தான் டிஜிற்றல்8 கமராவைப் பற்றிப் படித்தேன். சொனி 1999இல் கொண்டுவந்த வகை. அதே 8 மில்லிமீட்டர் கெசட்டில் டிஜிற்றலாகப் பதியும். அதில் சில மாடல்கள் பழைய அனலொக் கெசட்டையும் வாசித்து, உள்ளேயே டிஜிற்றலாக மாற்றி, பயர்வயர் என்ற வயர் இணைப்பு வழியாக அனுப்பும். எல்லா மாடலும் வாசிக்காது, வாங்க முதல் அதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். படமும் சத்தமும் கமராவுக்குள்ளேயே ஒன்றாகக் கட்டப்பட்டு வருவதால் விலகுவதற்கு இடமில்லை. படத்தின் நிமிர்ந்த கோடுகள் பாம்புபோல் நெளிவதையும் அது பெருமளவு நேராக்கித் தருகிறது. பெரியம்மாவின் மகன் சுவிஸில் பழையது ஒன்றைத் தேடி வாங்கி, கொக்கட்டிச்சோலைத் தேருக்கு வந்த உறவுக்காரர் கையில் கொடுத்துவிட்டான். பாதையில் வந்த கமரா போய், பாலத்தில் வந்தது இந்தக் கமரா.

இப்போதைய லப்டொப்பில் பயர்வயர் இல்லை. தம்பி வீட்டில் மூலையில் கிடந்த விண்டோஸ் 7 கொம்பியூட்டரைத் துடைத்து எடுத்து, அதற்குள் பழைய பயர்வயர் கார்ட் ஒன்று போட்டோம். வின்டிவி (WinDV) என்ற சின்ன மென்பொருள் போதும், வருவதை அப்படியே எழுதிவிடும். ஒரு மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 13 ஜிபி. எங்கள் 6 மணித்தியாலத்துக்கு 78 ஜிபி. முன்பு அது பெரிய கணக்கு, இன்றைக்கு ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். ஆகவே ஏற்றும்போதே சுருக்காதீர்கள். சுருக்குவதைப் பிறகு எத்தனை முறையும் செய்யலாம்.

இரண்டாவது கெசட்டில் பூஞ்சணம். கெசட்டின் கண்ணாடி யன்னலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், சுருளின் ஓரத்தில் மா தூவினதுபோல வெள்ளைப் புள்ளிகள். வாவிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கிற எங்களுக்கு இது புதிதல்ல. புத்தகத்துக்கும் வரும், கண்ணாடி லென்சுக்கும் வரும். அதை அப்படியே போட்டால் அந்தத் தூள் ரேப்பை வாசிக்கும் கமராத் தலையில் ஒட்டி, அடுத்த கெசட்டுக்கும் போகும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு இறுக்க மூடும் டப்பாவுக்குள் இரண்டு கிழமை வைத்தேன். பிறகு இரவல் வாங்கிய அந்தப் பழைய கமராவைப் போல உதவாத ஒன்றில், தலையில் படாமல், முன்னும் பின்னும் சுற்ற மட்டும் செய்தேன். கடைசியாகத்தான் நல்ல கமராவுக்குள் போட்டேன்.

தலையைத் துடைக்கிற விதம் தெரியவேண்டும். உள்ளே சின்ன உருளை ஒன்று நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் சுற்றும். அதன் ஓரத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவில்தான் வாசிக்கும் தலைகள் இருக்கின்றன. பஞ்சுக் குச்சி கூடாது, பஞ்சு நார் அதில் மாட்டித் தலையை உடைத்துவிடும். மெல்லிய ஆட்டுத்தோல் துண்டை ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்து, உருளையில் அசையாமல் ஒற்றிப் பிடித்துக்கொண்டு, உருளையைத்தான் விரலால் மெதுவாகத் திருப்பவேண்டும். மேலும் கீழும் தேய்க்கவே கூடாது. பார்மசியில் விற்கிற காயத்துக்குப் போடும் ஸ்பிரிட் இதற்கு உதவாது, தண்ணீர் கலந்தது. போன் திருத்துகிற கடைகளில் நல்லது வைத்திருப்பார்கள்.

சரி, காலுக்கு வருகிறேன். இதை எழுதத் தொடங்கியதே அதற்காகத்தான்.

எங்கள் நாட்டுக் கமராக்கள் பால் (PAL) என்ற வீடியோ முறையில் எடுப்பவை. நொடிக்கு 25 படம் என்று சொல்வார்கள். அனலொக் கமரா அப்படி எடுப்பதில்லை. அது நொடிக்கு 50 அரைப்படம் எடுக்கிறது. முதலில் ஒன்றுவிட்ட வரிகள், நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து இடையில் விட்ட வரிகள். இரண்டையும் பின்னினால் ஒரு படம். பாய் இழைக்கிறமாதிரி. அசையாத பொருளுக்கு இது ஒரு பிரச்சினையும் இல்லை. அருச்சுனன் கால் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள், இரண்டு அரைப்படத்துக்கும் இடையில் அது 6 சென்ரிமீட்டர் நகர்ந்துவிடும். அதனால்தான் கொம்பியூட்டரில் அந்தக் கால் சீப்புப் பல்லாகத் தெரிகிறது. கடைக்காரர் செய்தது என்ன? இரண்டையும் ஒன்றாகக் குழைத்தார், அதுதான் பேய்க்கால். சிலர் ஒரு அரைப்படத்தை எறிந்தே விடுவார்கள். பெரியப்பா எடுத்ததில் பாதியை எறிவதற்குச் சமம்.

எறியத் தேவையில்லை. ஒவ்வொரு அரைப்படத்தையும் ஒரு முழுப்படமாக விரித்தால், நொடிக்கு 50 படம் உள்ள வீடியோ கிடைக்கும். ஹேண்ட்பிரேக் மென்பொருளில் பொப் (Bob) என்ற தெரிவு அதற்குத்தான். அதோடு எந்த அரைப்படம் முந்தியது என்பதைச் சரியாகச் சொல்லவேண்டும். பயர்வயரில் வரும் டிவி (DV) கோப்பில் கீழ் வரிகள் முந்தும். பால் முறையில் யூஎஸ்பி கருவிகளில் பெரும்பாலும் மேல் வரிகள் முந்தும். மாறிச் சொன்னால் கால் முன்னுக்குப் போய், பின்னுக்கு வந்து, மறுபடி முன்னுக்குப் போகும். பார்த்த உடனே தெரிந்துவிடும். படத்தின் அடியில் சில வரிகள் எப்போதும் நடுங்கிக்கொண்டே இருக்கும். பழைய டிவிப் பெட்டி அதைத் தன் சட்டத்துக்குள் மறைத்துவிடும், கொம்பியூட்டர் காட்டிவிடும். அசிங்கமாக இருக்கிறது என்று அதோடு சேர்த்து அதிகம் வெட்டினால், முதலில் போவது ஆட்டக்காரரின் கால்விரல். நான் ஒரு வரியும் வெட்டவில்லை.

போன மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், லப்டொப்பை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அங்கே ஒரு பிணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அம்மப்பாவிடம் பழகியவர்களில் இப்போது ஊரில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் மத்தளக்கார மாமா, மற்றவர் பிற்பாட்டு மாமா. அருச்சுனன் வரவில், சுழன்று வந்து குத்துமிதிக்குப் போகிற இடத்தில் வலக்காலுக்கு இரண்டு மிதி என்கிறார் மத்தளக்கார மாமா. ஒரு மிதிதான், உடனே எடுக்கவேண்டும் என்கிறார் பிற்பாட்டு மாமா. இரண்டு பேரும் “அண்ணாவியார் அப்பிடித்தான் பழக்கினவர்” என்றார்கள். 2003இல் அருச்சுனனாக ஆடியவர் இப்போது உயிரோடில்லை. மருமகன் ஒரு நாளைக்கு ஒரு விதமாக ஆடிக்கொண்டிருந்தான்.

வளவில் மாமரத்துக்குக் கீழே கதிரை போட்டு, லப்டொப்பை ஒரு உரலின் மேல் வைத்தோம். இரண்டாவது கெசட். களரியின் ஓரத்தில் அம்மப்பா. மேலில் சட்டை இல்லை, இடுப்பில் மத்தளம் கட்டியிருக்கிறார், வேர்வையில் நெஞ்சு மினுங்குகிறது. பாடிக்கொண்டே கண்ணால் ஆட்டக்காரரைப் பின்தொடர்கிறார், ஒரு கணமும் விடவில்லை. அவரைத் தாண்டி அருச்சுனன் சுழன்று வருகிறார், கரப்புடுப்பு விரிந்து படத்தில் பாதியை மறைக்கிறது, அதற்குக் கீழே கால். முதல் சுற்றில் இரண்டு மிதி. இரண்டாம் சுற்றிலும் இரண்டு. மத்தளக்கார மாமா ஒன்றும் சொல்லாமல் வெற்றிலையை மென்றார். மூன்றாம் சுற்றில் ஒன்று.

“நிப்பாட்டு மனே” என்றார் பிற்பாட்டு மாமா. “திருப்பிப் போடு.”

மருமகன் ஒவ்வொரு படமாக நகர்த்தினான். நொடிக்கு 50 படம் என்பதால் கால் நிலத்தை விட்டு எழுவது ஒவ்வொரு அங்குலமாகத் தெரிந்தது. ஆறாவதோ ஏழாவதோ படத்தில், வலது கணுக்காலின் பின்னால் ஒரு கறுப்பு நூல் தொங்கியது. அடுத்த படத்தில் அது நிலத்தில் இழுபட்டது. சதங்கைக் கயிறு அவிழ்ந்திருக்கிறது. இரண்டாம் மிதியை மிதித்தால் சதங்கை கழன்று களரியில் விழும். ஆட்டக்காரர் அதை உணர்ந்து காலை முந்தி எடுத்திருக்கிறார்.

பிற்பாட்டு மாமா நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு மருமகனைப் பார்த்து, “சத்தத்தக் கூட்டி வெச்சுப் போடு” என்றார். போட்டோம். இம்முறை எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டோம். முதல் இரண்டு சுற்றிலும் அந்த இடத்தில் மத்தளத்தில் இரண்டு அடி. மூன்றாம் சுற்றில் அம்மப்பா ஓர் அடியைத்தான் அடிக்கிறார், அடித்து, அடுத்த சொல்லைச் சற்று முந்தி எடுக்கிறார். சபைக்கு எதுவும் தெரியாது. தாளம் உடையவில்லை. ஆட்டக்காரரின் கணுக்காலைக் கண்ட அதே கணத்தில் கை மாறியிருக்கிறது.

“மத்தளம் ஒண்டுதான் சொல்லிச்சு” என்றார் பிற்பாட்டு மாமா. “அதான் நான் ஒண்டு எண்டு புடிச்சன். இவ்வளவு காலமும்.”

மத்தளக்கார மாமா எழுந்து உள்ளே போய் மத்தளத்தை எடுத்து வந்தார். அந்த மூன்றாம் சுற்று அடியை மெதுவாகத் தேடித் தேடி அடித்துப் பார்த்தார். நாலாம் ஐந்தாம் தடவையில் பிடிபட்டது. மருமகனைக் கூப்பிட்டு முதலில் இரண்டு மிதியாக ஆடச் சொன்னார். பிறகு, “இப்ப உன்ட சதங்கை அவிழுது எண்டு நினைச்சு ஆடு” என்றார். இரண்டையும் இருட்டும்வரை பழகினார்கள்.

மூன்று கோப்பும் இப்போது மூன்று ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. ஒன்று கல்லடியில், ஒன்று ஊரில் மத்தளக்கார மாமா வீட்டில், மற்றது சுவிஸில். ஒரே கடல் எட்டாத மூன்று இடம் வேண்டும் என்று நினைத்தேன். கெசட்டுகளை எறியவில்லை, சிலிக்கா ஜெல்லோடு டப்பாவுக்குள் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். மூன்றாவது கெசட், அந்த நீள்வேகத்தில் எடுத்தது, இன்னும் எனக்குத் திருப்தியில்லை. அந்த வேகத்தில் பதிந்த கோடுகள் நெருக்கமானவை, பதிந்த கமராவைத் தவிர வேறு கமராவில் வாசிக்கும்போது அடிக்கடி தடம் விலகிப் படத்தில் வெள்ளைக் கீறல் விழுகிறது. விடியப்புறத்துக் காட்சிகள் அதில்தான் இருக்கின்றன. வேறொரு டிஜிற்றல்8 கமரா கிடைத்தால் அதில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கவேண்டும். மட்டக்களப்பிலோ கல்முனைப் பக்கமோ ஆரிடமாவது ஓடுகிற நிலையில் இருந்தால் சொல்லுங்கள், நான் வந்து உங்கள் வீட்டிலேயே இருந்து 3 மணித்தியாலம் ஓட்டி எடுத்துக்கொண்டு போகிறேன்.